மழைக்காட்டில் மறைந்த மகன்... தேடி அலைந்த தந்தை!

2014-ம் வருடம், ஜூலை மாதம். அமெரிக்காவின் அலாஸ்காவில் வசிக்கும் பேராசிரியர் ரோமன் டயலுக்கு மகனிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில், கோர்கோவாடோ தேசியப் பூங்காவின் மழைக்காட்டுக்குள் நடக்கப்போவதாக எழுதியிருந்தார் மகன். காட்டுக்குள் நான்கு நாள், வெளியே வர ஒரு நாள். பாதையில் அல்ல, பாதையை விட்டு விலகி. வழிகாட்டி இல்லை. துணைக்கும் யாரும் இல்லை.

ஐந்து நாள் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகும் நாள்கள் ஓடின. அடுத்த மின்னஞ்சல் வரவே இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ரோமன் கோஸ்டா ரிகாவில் இருந்தார். ஆனால், மகனுக்கு என்ன ஆனது என்பது தெரியவர ஏறக்குறைய இரண்டு வருடங்கள் ஆயின.

காட்டைப் பழக்கியவரே அப்பாதான்

ரோமன் டயல் காட்டுக்குப் புதியவர் அல்ல. அலாஸ்கா பசிபிக் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் கணிதமும் கற்பித்தவர். அலாஸ்காவின் மலைகளையும் ஆறுகளையும் நடந்தும், சைக்கிளிலும், முதுகுப்பையில் சுருட்டி வைத்துக்கொள்ளக்கூடிய சின்னஞ்சிறு ரப்பர் படகிலும் கடந்தவர். சாகசப் பயணம் செய்பவர்கள் மத்தியில் பெயர் பெற்றவர்.

மகனையும் அப்படித்தான் வளர்த்தார். அலூஷியன் தீவுக்கூட்டத்தில் உள்ள உம்னாக் தீவை மகனோடு நடந்தே கடந்தபோது, அந்தப் பையனுக்கு 6 வயது. போர்னியோ மழைக்காடுகளுக்கும் குடும்பத்தோடு போனார்கள். கூடாரம் போடவும், ஆற்றைக் கடக்கவும், பயம் வந்தால் நிதானமாக இருக்கவும் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டார் மகன் கோடி ரோமன் டயல். காணாமல்போனபோது அவருக்கு வயது 27. அதற்கு முன்பே பல மாதங்களாக மெக்ஸிகோ, குவாத்தமாலா என்று சுற்றி வந்திருந்தார்.

மற்ற பெற்றோருக்கு இல்லாத ஒரு பாரம் இந்தத் தந்தைக்கு ஏறியது இதனால்தான். ‘காட்டுக்குப் போகாதே’ என்று தடுத்த அப்பா அல்ல அவர். கையைப் பிடித்துக் கூட்டிப்போன அப்பா. தான் ஊட்டிய ஆசையே மகனைக் கொண்டுபோய்விட்டதோ என்ற கேள்வியிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை. 2020-ல் அவர் எழுதி வெளியான ‘தி அட்வெஞ்சரர்ஸ் சன்’ என்ற புத்தகம் முழுக்க அந்தக் கேள்வி தொடர்கிறது.

அனுமதி இல்லை... ஆனாலும் போனார்!

கோர்கோவாடோ, ஓசா தீபகற்பத்தில் உள்ள அடர்ந்த காடு. கொடிய விஷப்பாம்புகள், ஒரு மழையில் பெருகிவிடும் ஓடைகள், பத்தடி தூரத்தில் நிற்பவரையும் மறைத்துவிடும் செடிகொடிகள். 2014-ன் தொடக்கத்திலிருந்தே வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்திருந்தது. அப்படியும் அங்கே திருட்டுத்தனமாகத் தங்கம் சலிப்பவர்களின் நடமாட்டம் உண்டு.

செஞ்சிலுவைச் சங்கத்தினரும் வனக்காவலர்களும் தேடினார்கள். தேடுதலில் சேர ரோமனுக்கு முதலில் அனுமதி கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் காட்டில் நடந்த மனிதர், மகன் தொலைந்த காட்டின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அவர் நிற்கவில்லை. அனுமதி இல்லாமலே உள்ளே நுழைந்து தேடினார்.

இதற்கிடையே, போதைப்பொருள் விற்கும் உள்ளூர் ஆள் ஒருவனோடு ஒரு வெளிநாட்டு இளைஞரைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அதிகாரிகள் அந்தக் கதையின் பின்னால் போனார்கள். அந்த வர்ணனை மகனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்பது ரோமனின் வாதம். காட்டுக்குள் தனியாக இருந்த ஓர் இளைஞரைப் பார்த்ததாகத் தங்கம் சலிப்பவர்கள் சொன்னதுதான் அவருக்கு நம்பும்படி இருந்தது. மகனைத் தேடுவது ஒரு வேலை என்றால், ‘என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை’ என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது இன்னொரு வேலையாகிவிட்டது.

தேடுதலுக்கு உதவி கிடைக்கும் என்று ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் சம்மதித்தார். நேஷனல் ஜியோகிராபிக் சேனலின் ‘மிஸ்ஸிங் டயல்’ அது. அதில் கொலை என்ற கோணமே பெரிதாக முன்வைக்கப்பட்டது.

அழவும் முடியாது... நம்பவும் முடியாது!

மரணம் உறுதியானால் அழலாம். சடங்குகள் உண்டு, உறவினர்கள் வருவார்கள், நாள்கள் நகரும். காணாமல்போனவரின் வீட்டில் இவை எதுவும் நடக்காது. துக்கம் அனுஷ்டித்தால் பிள்ளையைக் கைவிட்டது போலாகிவிடும். நம்பிக்கையோடு இருந்தாலோ, ஒவ்வொரு போன் அழைப்புக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ் இந்த நிலைக்கு ‘ஆம்பிகுவஸ் லாஸ்’ என்று பெயர் வைத்தார். முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர் அவர். இப்படித் தவிப்பவர்களிடம், ‘முடிந்ததை மறந்துவிட்டு ஆக வேண்டியதைப் பாருங்கள்’ என்று சொல்வதால் பயன் இல்லை என்பது அவர் கருத்து. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டு எண்ணங்களையும் சேர்த்துச் சுமந்தபடியே வாழப் பழகுவதுதான் வழி என்கிறார்.

சொன்ன காட்டிலேயே இருந்தார்

2016 மே மாதம். தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகவிருந்த நேரம். கோர்கோவாடோ காட்டுக்குள் மனித எலும்புகளும் முகாம் சாமான்களும் கிடைத்தன. காணாமல்போன மகன்தான் என்பது பரிசோதனையில் உறுதியானது. அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்த ரோமன், மரம் விழுந்து மகன் இறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மகன் யாரோடும் எங்கேயும் போய்விடவில்லை. போகிறேன் என்று அப்பாவிடம் சொன்ன காட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறார். அந்தத் தந்தைக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஒரு தாய் விட்டுவந்த குறிப்பு

இதேபோல மகனைக் காட்டுக்குப் பறிகொடுத்த இன்னொரு குடும்பமும் உண்டு. 1992-ல் அலாஸ்கா காட்டில், கைவிடப்பட்ட பழைய பேருந்து ஒன்றில் தனியாகத் தங்கியிருந்து உயிரிழந்தார் கிறிஸ் மெக்கேண்ட்லஸ். அவர் கதையை ஜான் கிராக்கர் 1996-ல் ‘இன்டு தி வைல்ட்’ என்ற புத்தகமாக எழுதினார். மரணத்துக்கு முந்தைய இரண்டு வருடங்கள் மகன் எங்கே இருக்கிறார் என்பதே பெற்றோருக்குத் தெரியாது.

மகன் இறந்த சில மாதங்கள் கழித்துப் பெற்றோர் ஹெலிகாப்டரில் அந்தப் பேருந்துக்குப் போனார்கள். தாய் பில்லி அங்கே ஒரு பெட்டியை வைத்துவிட்டு வந்தார். உள்ளே முதலுதவிப் பொருள்களும் உணவும். கூடவே, அங்கு வரும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு: உடனே உங்கள் பெற்றோருக்கு போன் செய்யுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார்.

வளர்ந்த பிள்ளைகளைக் கட்டிப்போட முடியாது. ஆனால், கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளலாம். எந்த வழியாகப் போகிறாய், எந்தத் தேதியில் வெளியே வருவாய், அந்தத் தேதி தாண்டினால் நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும்? பிள்ளைக்கு அது ஐந்து நிமிட வேலை. தேட வேண்டிய நாள் வந்துவிட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சீட்டுதான் சொல்லும்.