பேரணிக்கு வரும்போது பருப்பும் கொண்டு வாருங்கள்

மார்ச் 24 உலகக் காசநோய் தினம். 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள் அது. அன்றைக்கு விழிப்புணர்வுப் பேரணி நடத்துவது ஊர் வழக்கம். 'நாங்க வந்து நடந்து என்ன ஆகப்போகுது?' என்று படப்பை, சோமங்கலம், வண்டலூர் பக்கத்து விவசாயிகள் நினைக்கலாம். ஆனால், நோயாளியின் வீட்டுக்கு இன்று அவசரமாகத் தேவைப்படும் பொருள் உங்கள் களத்தில்தான் இருக்கிறது.

மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' தெரிந்த ஸ்டேஷன். அந்தப் பெயர் காசநோய் ஆஸ்பத்திரியால் வந்தது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, வயிறார சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம்.

மருந்து வந்த பிறகு கதை மாறியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நெரிசலான வீட்டில், சுமாரான சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வந்த இந்த முடிவுதான் உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது. நல்ல செய்திதான். ஆனால், 'மாத்திரை போதும்' என்ற நினைப்பில் சாப்பாட்டுப் பேச்சு பின்னுக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

அதை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு; முடிவு 2023-ல் வெளியானது. ஒரு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில், நோயாளியோடு வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். இந்த இரண்டாவது வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை, முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 40 கிலோ ஆளுக்கு அது வெறும் 2 கிலோ!

சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்ட கூலி வீட்டில் அந்த 2 கிலோ எப்படி ஏறும்? அரசு மாதம் 1,000 ரூபாயை நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாய். இதற்கு மேல் உதவ விரும்புகிறவர்களுக்காக 2022-ல் வந்தது 'நிக்ஷய் மித்ரா' திட்டம். தனி ஆளோ, உழவர் குழுவோ ஒரு நோயாளியைக் குறைந்தது 6 மாதம் ஏற்றுக்கொள்ளலாம். பெரியவர் ஒருவருக்கு மாதம் 3 கிலோ தானியம் அல்லது சிறுதானியம், ஒன்றரை கிலோ பருப்பு, கால் கிலோ எண்ணெய், ஒரு கிலோ நிலக்கடலை அல்லது அதற்கு ஈடாகப் பால், முடிந்தால் 30 முட்டை என்பது கணக்கு. கேழ்வரகு, துவரை, கடலை என்று எல்லாமே நம் வயல் சரக்கு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பணியாளரைக் கேட்டால் பதிவு செய்துகொடுப்பார். சம்மதம் சொன்ன நோயாளிகளை மட்டுமே இதில் சேர்ப்பார்கள்.

'பக்கத்தில் நடந்தால் ஒட்டிக்கொள்ளாதா?' என்ற கேள்வி வரும். நுரையீரல் காசநோய் இருமல் காற்றில் பரவுவது; அடைத்த அறையில்தான் ஆபத்து அதிகம், திறந்த சாலையில் மிகக் குறைவு. ஒழுங்காக மாத்திரை எடுப்பவரிடமிருந்து சில வாரங்களிலேயே பரவும் தன்மை குறைந்துவிடும். தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. தனித் தட்டு வைத்து ஒதுக்குவதால் அவர் மனசு நோகுமே தவிர யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மாட்டுக் காசநோய் பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரும். காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. இரண்டாம் மாதமே இருமல் நின்று உடம்பு தேறியதும், அறுப்பு வேலை வந்துவிட்டதென்று மாத்திரையை விடுகிறவர்கள்தான் மருந்துக்கு அடங்காத காசநோயில் மாட்டுகிறார்கள். நீங்கள் மாதாமாதம் பையோடு போய் நிற்கும்போது 'மாத்திரை போட்டீங்களா அண்ணே?' என்று கேட்க ஓர் ஆளும் கிடைத்துவிடுகிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மார்ச் 24 வரை காத்திருக்க வேண்டாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கட்டணமில்லா உதவி எண்: 1800-11-6666.