மாத்திரைக்குள் 10 மில்லிகிராம் இருக்கிறதா?

மனச்சோர்வுக்கு எழுதித்தரும் எஸ்சிடாலோபிராம் மாத்திரையின் அட்டையில் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். மாத்திரையின் எடை அதைப்போலப் பல மடங்கு. மீதியெல்லாம் செல்லுலோஸ் மாதிரியான நிரப்புப் பொருள்களும் மேற்பூச்சும்தான். அந்தக் கூட்டத்துக்குள் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தொடக்கம் நாட்டு வைத்தியர் வேலை போலத்தான். வழக்கமாக 20 மாத்திரைகளை எடைபோட்டுக் கல்வத்தில் அரைப்பார்கள். அளந்த பொடியைக் கரைப்பானில் குலுக்கி வடிகட்டினால், கரையாத நிரப்புப் பொருள்கள் வடிதாளில் நின்றுவிடும்.

மலிவான வழி, சாயம். அமிலக் கரைசலில் இம்மருந்து நேர்மின்னேற்றம் பெறும். புரோமோகிரிசால் கிரீன் சாயம் அதோடு ஜோடி சேர்ந்து குளோரோஃபார்முக்குள் மஞ்சளாக இறங்கும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மருந்து. கல்லூரி ஆய்வகமே இதைச் செய்துவிடலாம். ஆனால் சாயத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. மருந்து சிதைந்து உண்டான பொருள்களையும் மருந்தென்றே எண்ணிவிடும்.

அதனால் பிரித்துவிட்டு அளக்க வேண்டும். இலைப் பச்சையத்தைச் சுண்ணப்பொடிக் குழாயில் ஊற்றி நிறம் நிறமாகப் பிரித்த தாவரவியலாளர் ஸ்வெட், 1906இல் அதற்குக் குரோமடோகிராபி என்று பெயர் வைத்தார். அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய ஹெச்.பி.எல்.சி. கருவி. சாணளவு எஃகுக் குழாய்க்குள் 5 மைக்ரான் சிலிக்கா மணிகள். அவற்றின் வழியே பம்பு கடும் அழுத்தத்தில் கரைசலைத் தள்ளும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியேறும்போது புற ஊதா ஒளி அதைக் கண்டு திரையில் ஒரு ‘பீக்’ வரையும். அதன் பரப்பைத் தூய மருந்தின் பீக்கோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும். ஒரு கண்ணி உண்டு: மாத்திரையில் மருந்து ஆக்சலேட் உப்பாகவே இருக்கிறது. அந்த உப்பு சுமார் 12.8 மில்லிகிராம் இருந்தால்தான் மருந்து 10 மில்லிகிராம். இதை மறந்தால் கணக்கு அங்கேயே கெட்டது.

இத்தனைக்கும் தப்பும் ஒரு ஏமாற்று இருக்கிறது. சிடாலோபிராம் என்ற பழைய மருந்தின் மூலக்கூறுகள் வலக்கை, இடக்கை போல இரு வடிவங்களின் சரிபாதிக் கலவை. வேலை செய்வது பெரும்பாலும் ஒரு கைதான். அதை மட்டும் பிரித்தெடுத்ததே எஸ்சிடாலோபிராம். மாத்திரையில் பழைய கலவையைப் போட்டிருந்தாலும் சாதாரணக் குழாய் ‘10 மில்லிகிராம், சரி’ என்றே சொல்லும். உண்மையில் இருப்பது 5. இதைப் பிடிக்க, கை பார்த்துப் பிரிக்கும் கைரல் குழாய் வேண்டும். அதன் விலை சாதாரணக் குழாயைவிட மிக அதிகம்.