மிச்சமிருக்கும் நுரையீரலுக்குத்தான் வைத்தியம்

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சாப்டூர்ப் பக்கத்து ஊர்களில் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், பழப்பையோடு இரண்டு பேச்சையும் கொண்டுவருவார்கள். ஒன்று: "கெட்டதை வெட்டி எடுத்தாச்சு, இனிமே இளைப்பு வராது." இன்னொன்று: "அசையாமப் படுத்திரு, உடம்பு தேறட்டும்." இரண்டும் பாசத்தில் சொல்வதுதான். இரண்டுமே தப்பு.

ஆபரேஷன், நுரையீரலில் ஓர் இடத்துக் கோளாறைத்தான் தீர்க்கிறது. பழைய டி.பி. அரித்துவிட்டுப் போன பகுதி, சளியோடு ரத்தமும் கக்கவைத்த மடல், சீழ் கட்டி நுரையீரலைச் சுற்றி இறுகிய உறை, வெடித்த காற்றுக்கொப்புளம், புற்றுக்கட்டி என்று அது எதுவாகவும் இருக்கலாம். முப்பது வருஷம் பீடி குடித்தோ விறகடுப்பு ஊதியோ வந்த சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் அப்படி ஓரிடத்து நோய் அல்ல. அது இரண்டு நுரையீரலிலும் பரவிக் கிடக்கிறது. வெட்டி எடுத்தது போக மிச்சமிருப்பதிலும் அது உண்டு. ஆகவே தையல் பிரித்த பிறகு செய்யும் வைத்தியமெல்லாம் அந்த மிச்சத்துக்காகத்தான்.

எதை எடுத்தார்கள், எது இருக்கிறது?

வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. பெரும்பாலும் ஒரு மடலையோ அதில் ஒரு துண்டையோதான் எடுக்கிறார்கள். ஊரில் அது "நுரையீரலையே எடுத்துட்டாங்க" என்று ஆகிவிடும். நோயாளியே அதை நம்பி ஒடுங்கிப்போவார். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தப் பக்கம், எந்த மடல் என்று எழுதியிருக்கும். வார்டை விட்டுக் கிளம்பும் முன் டாக்டரிடம் அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

போப் பிரான்சிஸுக்கு 1957இல், இருபது வயதை ஒட்டி, அர்ஜென்டினாவில் வலது நுரையீரலின் மேல்பகுதியை எடுத்தார்கள். அவருக்கு ஒரு நுரையீரல்தான் என்ற பேச்சு கடைசி வரை ஓயவில்லை. அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கும் மேல் வாழ்ந்து, நாடு நாடாகப் பயணம் செய்தார். 2025 பிப்ரவரியில் இரண்டு பக்க நிமோனியாவோடு ரோமில் மருத்துவமனையில் சேர்ந்து, மார்ச் 23 அன்று வீடு திரும்பி, ஏப்ரல் 21 அன்று தமது 88ஆம் வயதில் இறந்தார். வத்திக்கான் வெளியிட்ட இறப்புச் சான்றில் இருந்த நோய்களில் பிராங்கியெக்டாசிஸும் ஒன்று. மூச்சுக்குழல்கள் விரிந்து தளர்ந்து சளி தேங்கும் நாள்பட்ட நோய் அது. எடுத்த மடலால் வாழ்க்கை நிற்கவில்லை. மிச்சத்தில் இருந்த நோய்தான் கடைசி வரை கவனம் கேட்டது.

'படுத்திரு' என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது?

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் ஓய்வும் நல்ல காற்றும் சாப்பாடும்தான் வைத்தியம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்தக் காலத்து நம்பிக்கையில் எழுந்தது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையும் டி.பி.க்காரர்களுக்கென்று ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் அமைந்ததுதான். நெஞ்சு நோய் என்றாலே மாதக்கணக்கில் கட்டில் என்று அந்தத் தலைமுறை மனதில் பதிந்துபோனது.

அந்த நம்பிக்கையை உடைத்ததும் தமிழ்நாடுதான். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மறு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கம். இருந்தும் இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாயின. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடவைத்தது. ஆனால் நம் வீடுகளில் அந்தக் கட்டில் மட்டும் இன்னும் காலியாகவில்லை.

நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் படுத்தால் கீழ்ப்பகுதிக் காற்றறைகள் சுருங்கும், சளி தேங்கி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும். மூன்றும் ஆளைக் கொல்லக்கூடியவை.

பாட்டிலும் மூன்று பந்தும்

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும்போது விலாவிலிருந்து ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழே உள்ள தண்ணீர் பாட்டிலுக்குப் போகும். மூச்சுக்கு மூச்சு குழாயில் தண்ணீர் ஏறி இறங்குவது இயல்பு. இருமும்போது பாட்டிலில் குமிழி வந்தால் நுரையீரலிலிருந்து இன்னும் காற்று கசிகிறது என்று பொருள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களின் நுரையீரல் நைந்த துணி. தையல் போட்ட ஓரத்தில் கசிவு அடைய நாளாகும். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்களே, நமக்கு எடுக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். நர்ஸ் அனுமதித்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம், நடக்க வேண்டும்.

அடுத்தது மூன்று பந்துக் கருவி. பிளாஸ்டிக் அறைகள் மூன்றில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். பலர் இதை வாயில் வைத்து ஊதுகிறார்கள், பந்து அசையவில்லை என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். முதல் பந்து எழும்பி இரண்டு மூன்று விநாடி அந்தரத்தில் நின்றால் அதுவே நல்ல தொடக்கம். மூன்றையும் ஒரே மூச்சில் தூக்கிக் காட்டுவது வீரம்தான், பயன் குறைவு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை செய்யலாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கழித்துத் தொடரலாம். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் இது தொடரட்டும். பேரப்பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வாய் பட்ட கருவி வேண்டாம்.

இருமினால் தையல் பிரியாது

வலிக்குப் பயந்து இருமலை அடக்குகிறவர்களே அதிகம். சளி வெளியே வராவிட்டால் ஆபரேஷன் நன்றாக முடிந்தும் ஆள் திரும்ப அட்மிட் ஆக நேரும். ஒரு தலையணையையோ நாலாக மடித்த துண்டையோ தையல் மேல் வைத்துக் கையால் இறுக அணைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து இருமுங்கள். அணைத்த பிடியில் வலி பாதியாகக் குறையும். அதற்கும் முன்னால் 'ஹா' என்று வாயைத் திறந்து, தொண்டையை இறுக்காமல், இரண்டு மூன்று தடவை காற்றை வேகமாக வெளியே தள்ளினால் ஆழத்திலிருக்கும் சளி மேலே ஏறும். கடைசியில் ஒரே ஒரு இருமல் போதும்.

வலி மாத்திரையை நேரத்துக்குப் போடாமல், வலி தாங்க முடியாதபோது மட்டும் போடுவது தவறான சிக்கனம். வலி அடங்கியிருந்தால்தான் ஆழ்ந்து மூச்சு விட முடியும். ஆனால் மெடிக்கலில் தாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரை வேறு கதை. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சில வலி மாத்திரைகளே இளைப்பைக் கிளப்பும். தூக்க மாத்திரை மூச்சையே மந்தமாக்கும்.

தையல் ஆறிய பிறகும் மார்பின் அந்தப் பக்கம் மரத்துப்போனது போலவும் எரிவது போலவும் பல மாதம் இருக்கலாம். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு நோகடிக்கப்பட்டதால் வரும் வலி அது. பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். சொன்னால் அதற்கென்றே மருந்து இருக்கிறது.

நடையே மருந்து, சதுரகிரி பிறகு

அமெரிக்காவில் 2003இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, எம்பைசீமா என்ற நுரையீரல் வீக்க நோய்க்கு ஆபரேஷன் பலன் தருமா என்று 1,218 பேரிடம் பார்த்தது. அதில் சேர்ந்த அத்தனை பேரும், ஆபரேஷனா மருந்தா என்று முடிவாவதற்கு முன்பே, வாரக்கணக்கில் மூச்சுப்பயிற்சியும் நடைப்பயிற்சியும் செய்தாக வேண்டும் என்பது விதி. கத்திக்கு முன்பே நடை. கத்திக்குப் பின்னும் அதுதான்.

வீடு வந்த முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் ஐந்து ஐந்து நிமிஷமாக நாலைந்து முறை நடக்கலாம். பிறகு தெருமுனை வரை, பிறகு கண்மாய்க் கரை வரை. மூச்சு வாங்கட்டும், தப்பில்லை. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடிந்தால் அளவு சரி. சொல்லுக்குச் சொல் நின்றால் உட்கார்ந்துவிடுங்கள். அப்போது மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விட்டால், சி.ஓ.பி.டி. நுரையீரலில் அடைபட்ட காற்று வெளியேறி மூச்சு அடங்கும்.

ஆபரேஷன் பக்கத்துக் கையைத் தொங்கப் போட்டே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தலை சீவுவது, கொண்டை போடுவது, சுவரில் விரலால் மெல்ல ஏறுவது எல்லாம் நல்ல பயிற்சி. ஆனால் ஒரு குடம் தண்ணீர் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். நெஞ்சைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் டாக்டர் சொல்லும் வரை, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், குடமும் உர மூட்டையும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்லும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறலாமா என்று இந்தப் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. ஆபரேஷன் நடந்த வருஷம் வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த வருஷம், ஆறு நிமிஷ நடைச் சோதனையில் ஆக்சிஜன் அளவு இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

பம்பும் பத்தியமும்

"பம்பு அடிச்சா பழகிப்போயிரும்" என்று ஆபரேஷனோடு இன்ஹேலரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆபரேஷன் அன்று காலையில்கூட டாக்டர்கள் அதை நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்தினால் மிச்ச நுரையீரல் இறுகும். ஸ்டீராய்டு கலந்த பம்பு என்றால் அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பத்தியம் இன்னொரு தொல்லை. முட்டை தின்றால் சீழ் வைக்கும், மீன் ஆகாது, பருப்பு வாயு என்று விலக்கி விலக்கிக் கடைசியில் ரசமும் சோறுமாக நிற்கும். புண் ஆறவும் மூச்சுத் தசைகள் பலம் பெறவும் புரதம் வேண்டும். முட்டை, மீன், கறி, பயறு எல்லாம் சாப்பிடலாம். இந்தப் பக்கத்துக் குதிரைவாலிச் சோறும் பருப்புக் குழம்பும் நல்ல சாப்பாடு. வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்பதால், மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புகை, தூசி

பீடி, சிகரெட் ஒன்றுகூட இல்லை. இதில் பேரமே கிடையாது. வீட்டில் விறகடுப்பு எரிந்தால் நோயாளியின் கட்டிலை அடுப்பங்கரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் ஓடும் நாளிலும், பருத்தி மாறைக் கொளுத்தும் நாளிலும், போகியன்று காலையிலும் அவர் வீட்டுக்குள் இருக்கட்டும். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசியும், டாக்டர் சொன்னபடி நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருப்பவர்கள் அந்த அறையில் சூடம், ஊதுபத்தி, விளக்கு எதுவும் ஏற்றக் கூடாது. மூச்சு வாங்குகிறதே என்று அளவைத் தாமாக ஏற்றவும் கூடாது. சி.ஓ.பி.டி. முற்றியவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்றுதான் டாக்டர் வைத்திருப்பார். அதற்கு மேல் ஏற்றினால் உடம்பில் கரியமிலவாயு தேங்கி, ஆள் நிம்மதியாகத் தூங்குவது போலத் தோன்றி, நினைவு தப்பிவிடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

திடீரென்று கூடும் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், சளியில் ரத்தம், காய்ச்சலோடு பச்சையாகவோ நாற்றத்தோடோ சளி, தையலில் சீழ், கழுத்திலோ மார்பிலோ தோல் உப்பி அழுத்தினால் நறநறவென்று இருப்பது, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம்: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பேரையூரிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இல்லை, பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும் அல்ல. 108ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், பம்பு மூன்றையும் ஒரே பையில் போட்டு இன்றைக்கே கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள். வண்டியில் ஏற்றியதும், ஆக்சிஜன் வைக்கும் முன்பே, "இவருக்கு சி.ஓ.பி.டி. இருக்கு, நெஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று சொல்லுங்கள்.