உப்பில் பூத்த பொங்கல் வாழ்த்து

பொங்கலுக்கு வாழ்த்து அனுப்ப வேண்டும். கையில் காசு இல்லை. என்ன செய்வது?

மரக்காணத்து உப்பளக் குடும்பங்களுக்கு இந்தக் கவலை ஆண்டுதோறும் வரும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் பாத்திகள் ஏரியாகிவிடும். உப்பு எடுப்பது நிற்கும், கூலியும் நிற்கும். மழை மாதங்களுக்கென்று அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது எத்தனை நாளைக்கு? தை பிறக்கும்போதுதான் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். கட்டிக்கொடுத்த தங்கைக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோக அண்ணன் திணறும் நேரம் அது.

வரிசை குறையலாம். வாழ்த்து குறைய வேண்டியதில்லை. வீட்டு உப்பைக் கொண்டே அழகான அட்டை செய்துவிடலாம்!

உப்பா? ஆமாம், கல் உப்புதான். முதலில் அதை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். கெட்டியான சித்திரக் காகிதத்தில் நீல வர்ணத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசுங்கள். ஈரத்தின் மினுமினுப்பு அடங்கத் தொடங்கும்போது உப்பைத் தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும். அந்த இடத்தில் வர்ணம் வெளுத்து, நட்சத்திரம் போல் பூக்கும். கல் உப்புக்குப் பெரிய பூ, தூள் உப்புக்குச் சிறு புள்ளி. காகிதம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் உப்பு கரைந்துவிடும். காய்ந்துவிட்டாலோ ஒன்றும் நடக்காது.

நன்றாக உலர்ந்தபின் உப்பைத் துணியால் தட்டிவிடுங்கள். நான் அவசரப்பட்டு உப்போடு எழுதினேன். கடற்காற்றில் காகிதம் நமுத்து, மை கசிந்துவிட்டது!

இனி எழுத்து. மேலே 'பொங்கல்', கீழே 'வாழ்த்து'. இரண்டுக்கும் நான்கு நான்கு எழுத்துதான். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள், 'பொ' ஒன்றே மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிதாகத் தொடங்கிவிட்டு, 'ல்' போட இடமில்லாமல் விழிப்பவர்கள் எத்தனை பேர்! முதலில் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். 'ழ்' கோட்டுக்குக் கீழே இறங்கும். அதற்கும் இடம் விடுங்கள்.

'ப' என்பது வாய் திறந்த பானை. அதன் மேல் நுரை பொங்கட்டும். பக்கத்திலுள்ள காலைக் கரும்பாக்குங்கள். 'ல்' மேலுள்ள புள்ளி சூரியன். அதை மறந்துவிடக் கூடாது. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. கல்தச்சருக்கு அது செல்லும், நமக்குச் செல்லாது!

'அன்னைக்கு' என்று எழுதுகிறவர்கள் வீட்டில் பழைய அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'னை' யானைத் துதிக்கை போல் சுருண்டிருக்கும். 1978-ல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது அதுவும் மாறியது. அழகுக்காக அந்தத் துதிக்கையை நீங்கள் வரைந்தால் பாட்டிமார் கோபிக்க மாட்டார்கள்.

உறையில் போட்டுத் தங்கையின் விலாசத்தை எழுதுங்கள். போகிக்கு நான்கு நாள் முன்பே தபால் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.