முதல் அயல்பணி: தில்லிக்கு வரும் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்

புதுதில்லி: மத்திய அமைச்சகங்களின் நீண்ட தாழ்வாரங்களில் ஆண்டுக்கு ஒருமுறை புதிய முகங்கள் தென்படுகின்றன. முசௌரியில் பயிற்சியை முடித்து, மாநிலங்களில் சார் ஆட்சியர்களாகப் பொறுப்பேற்கும் முன், சில வாரங்கள் தலைநகரில் பணியாற்ற அனுப்பப்படும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இவர்கள். பதவியின் பெயர் உதவிச் செயலர். பிரிவு அலுவலர், சார்புச் செயலர், துணைச் செயலர், இயக்குநர், இணைச் செயலர் என்று கோப்பு ஏறி இறங்கும் செயலகப் படிக்கட்டில் இப்படியொரு படியே கிடையாது. மேசை தரப்படும், கோப்பு வந்து சேருமா என்பது அந்தந்த இணைச் செயலரின் மனநிலையைப் பொருத்தது.

இந்த ஏற்பாடு 2015-ல் தொடங்கியது. 2013-ம் ஆண்டுத் தொகுதியினர் சுமார் மூன்று மாதங்கள் தில்லியில் பணிபுரிந்தனர். கால அளவு பின்னர் தொகுதிக்குத் தொகுதி மாறினாலும் வழக்கம் தொடர்ந்தது. 2024 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடியைச் சந்தித்த 2022-ம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த உதவிச் செயலர்களின் எண்ணிக்கை 181.

பணி முடியும்போது சிலருக்குப் பிரதமர் முன்னிலையில் தங்கள் ஆய்வை எடுத்துரைக்கும் வாய்ப்பும் கிடைப்பதுண்டு. 2017 செப்டம்பரில் நடைபெற்ற நிறைவு நிகழ்ச்சியில், விபத்தில் சிக்கியோருக்கு விரைவு உதவி, ஊரக வருமானம், ரயில் பாதுகாப்பு, பாரம்பரியச் சுற்றுலா எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் இளம் அதிகாரிகள் பேசினர். பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டுகளான ஒருவர் நாட்டின் பிரதமருக்கு முன்னால் நின்று திட்டத்தை விளக்குவது முன்பெல்லாம் எண்ணிப் பார்க்க முடியாத காட்சி. மாநிலத் தலைநகரங்களில் சிலர் புருவம் உயர்த்தியதற்கும் அதுவே காரணம்.

எனினும் இந்தப் பணியின் உண்மையான பயன் அந்த மேடையில் இல்லை. உதவிச் செயலராக வருபவர் அதற்குச் சற்று முன்புதான் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரு மாவட்டத்தில் பயிற்சி பெற்றிருக்கிறார். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ரூ.1.20 லட்சம் உதவி. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். அஸ்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பிடக் குறியீட்டுடன் புகைப்படம் பதிவேற்றினால்தான் அடுத்த தவணை. மலையடிவாரக் கிராமத்தில் கைப்பேசி சமிக்ஞை இல்லாமல் படம் ஏறாதபோது பாதிச் சுவருடன் வீடு நிற்பது எப்படியிருக்கும் என்பதை ஒன்றியத்தில் இருந்தவர் அறிவார். அந்த விதியை எழுதிய பிரிவிலேயே சில வாரங்கள் உட்காரும்போது, அந்த விதி ஏன் வந்தது, எந்த முறைகேட்டைத் தடுக்க வந்தது என்பதும் அவருக்குப் புரிகிறது. இரு முனைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு பணிக்காலத்தில் மறுபடியும் எளிதில் வாய்ப்பதில்லை.

சில வாரங்களில் கோப்பு எழுதும் கலை கைவந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிதியமைச்சகத்தின் ஆட்சேபணைக்குப் பதில் எழுதி, அமைச்சரவைக் குறிப்பு தயாரித்து, நாடாளுமன்றக் கேள்விக்கு ஒரே இரவில் விடை திரட்டிய பிறகுதான் ஒருவர் செயலக அதிகாரி ஆகிறார். விருந்தாளிக்கு யாரும் அந்த வேலையைக் கொடுப்பதில்லை.

அப்படியானால் இந்த ஏற்பாடு எதற்கு? விடை வேறோர் எண்ணிக்கையில் இருக்கிறது. மாநிலங்களின் மூத்த பணியிடங்களில் 40 சதவீதத்துக்கு இணையான எண்ணிக்கை மத்திய அயல்பணிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால், 2011-ல் 309 ஆக இருந்த அயல்பணி ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் எண்ணிக்கை, 2021-ல் 223 ஆகக் குறைந்துவிட்டதாகப் பணியாளர், பயிற்சித் துறை தெரிவித்தது. துணைச் செயலர், இயக்குநர் நிலையில் பற்றாக்குறை கடுமையானது. இந்த நிலையிலுள்ள ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் 2014-ல் 621 பேர்; 2021-ல் 1,130 பேர். ஆனால், அவர்களில் தில்லிக்கு வந்திருந்தோர் 117-லிருந்து 114 ஆகச் சரிந்தனர்.

காரணம் தெரியாததல்ல. மாவட்ட ஆட்சியருக்குப் பங்களா, வாகனம், பணியாளர்கள், ஒரு மாவட்டமே உற்றுநோக்கும் அதிகாரம். தில்லியில் துணைச் செயலருக்கு அரசுக் குடியிருப்புக்கான காத்திருப்பும், ஒரு சிறு அறையும், மேலே மூன்று அடுக்கு அதிகாரிகளும். தேர்வு பெற்றும் பணியேற்காதவர்கள் ஐந்து ஆண்டுகள் அயல்பணிக்கு விண்ணப்பிக்க முடியாது என்ற தடை இருந்தும் பலர் அசையவில்லை. இணைச் செயலர் நிலைக்குத் தகுதி பெற, 2007-ம் ஆண்டுத் தொகுதியினர் முதல், துணைச் செயலர் அல்லது இயக்குநராக இரண்டு ஆண்டுகள் மத்தியப் பணி கட்டாயம் என 2020-ல் விதி கொண்டுவரப்பட்டது. கசப்பு மருந்து கட்டாய விதி என்றால், இளம் வயதிலேயே தில்லியைச் சுவைக்கச் செய்யும் உதவிச் செயலர் பணியை இனிப்பு எனலாம்.

மாநிலங்களின் அச்சம் வேறு. ஐ.ஏ.எஸ். விதிகளின்படி அயல்பணிக்கு மாநில அரசின் இசைவு தேவை. கருத்து வேறுபாடு எழுந்தால் மத்திய அரசின் முடிவே இறுதியானது. 2022 ஜனவரியில் விவாதத்துக்கு வந்த திருத்த வரைவு, குறித்த காலத்துக்குள் மாநிலம் அதிகாரியை விடுவிக்காவிட்டால் அவர் தாமாகவே விடுவிக்கப்பட்டவராகக் கருதப்படுவார் என்று கூறியது. தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி, கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் ஆகியோர் எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினர். மாநிலத்தில் பணியாற்றும் அதிகாரியின் தலைக்கு மேல் தில்லியின் கயிறு தொங்கினால் அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பதே அவர்களது கேள்வி.

இந்தக் கேள்வியோடு உதவிச் செயலர் பணியையும் சேர்த்துச் சந்தேகிப்போர் உண்டு. சில வாரப் பழக்கத்தில் விசுவாசம் இடம் மாறிவிடும் என்று நம்புவது மிகை. அரசமைப்புச் சட்டத்தின் 312-வது பிரிவு அகில இந்தியப் பணிகளுக்கு இடமளித்தது, இரு அரசுகளுக்கும் பொதுவான அதிகாரிகளுக்காகவே. ஆனால், தில்லிக்கு வந்தவர் திட்டத்தை விளக்கும் படக்காட்சியோடு மட்டும் திரும்பாமல், தன் மாநிலத்தின் குறையை அமைச்சகத்தில் எழுத்தில் பதிவுசெய்துவிட்டுச் செல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் மாநிலத் தலைமைச் செயலகங்களுக்கு இருந்தால், இந்த வாரங்கள் மாநிலங்களுக்கே அதிகம் பயன்படும்.

2015-ல் முதலில் வந்த அந்தத் தொகுதியினர், ஒன்பது ஆண்டுப் பணியை முடித்து 2022-ல் துணைச் செயலர் பதவிக்குத் தகுதி பெற்றனர். இளமையில் பார்த்த தில்லிக்கு மீண்டும் வர அவர்களுள் ஒருவர் விரும்பினாலும், ஆண்டுதோறும் அனுப்பப்படும் அயல்பணிப் பட்டியலில் முதலில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டியது மாநில அரசுதான்.