சாய்வில் இருக்கிறது சூட்சுமம்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வரும் ட்ரெய்லர் லாரி நெடுஞ்சாலை வளைவில் திரும்பும்போது, சாலையின் வெளியோரம் சற்றே உயர்ந்திருப்பதைக் கவனிக்கலாம். சமவெளிச் சாலைகளில் நம் நாட்டு விதி அனுமதிக்கும் உயர்வு 100 அடி அகலத்துக்கு 7 அடி. ஏறத்தாழ 4 டிகிரி. அமெரிக்காவின் டேடோனா நீள்வட்டப் பந்தயப் பாதையிலோ வளைவின் சாய்வு 31 டிகிரி, வீட்டு மாடிப்படியின் சரிவுக்குச் சமம். ‘இடப்பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றுவதில் என்ன திறமை?’ என்று கேட்பவர்களுக்கு விடை இந்தச் சாய்வில் இருக்கிறது. அங்கே பாதையும் வண்டியின் ஓர் உறுப்பு.

வளைவில் எந்த வண்டியும் நேரே போகத்தான் பார்க்கும். அதை உள்ளே இழுத்துத் திருப்புவது டயரின் பிடிப்பு. தரை சாய்ந்திருந்தால் தரையும் உள்நோக்கித் தள்ளும். டேடோனா வளைவின் ஆரம் சுமார் 305 மீட்டர். கணக்குப் போட்டால், டயருக்குப் பிடிப்பே இல்லாவிட்டாலும் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வண்டி சறுக்காமல் திரும்பிவிடும். அப்படியானால் ஓட்டுநருக்கு வேலை இல்லையே எனலாம். ஆனால் பந்தயக் கார்கள் ஓடுவது 300 கி.மீ.யை ஒட்டி. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் விசை நான்கு மடங்கு. மிச்சம் முழுவதும் டயர் தலையில் விழுகிறது. அதனால் வலப்பக்க டயர்களின் சுற்றளவை இடப்பக்கத்தைவிடக் கூடுதலாக வைப்பார்கள். டீக்கடைப் பேப்பர் கப்பைத் தரையில் உருட்டினால், குறுகிய அடிப்பக்கம் உள்ளே இருக்க வட்டமடிக்கும் அல்லவா, அதே உத்திதான்.

சாய்வு குறைந்தால் பாடு கூடும். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் பிக்கப் டிரக் பந்தயத்தில் இறங்கிய மார்ட்டின்ஸ்வில் பாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சாய்வு 12 டிகிரி. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பிரேக்கை அழுத்தியாக வேண்டும். ஃபார்முலா 1 ஓட்டியவருக்கும் அது புதுப் பாடம்.

நீள்வட்டப் பந்தயப் பாதை அவ்வளவு நுட்பமானதென்றால் இங்கே ஏன் கட்டவில்லை? நம் பந்தயங்கள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வேரூன்றி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தவை. இருபுறமும் திரும்பும் பாதை பைக்குக்கும் காருக்கும் பொது. செங்குத்தான சாய்வோ வேகத்துக்கென்றே கட்டப்படுவது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி மழைநாளில் அதில் ஊர்ந்தால் உட்பக்கம் சரிந்துவிடும். எல்லோருக்குமான சாலை 4 டிகிரியோடு நிற்பதும், நீள்வட்டம் 31 வரை ஏறுவதும் அதனால்தான்.