பனியன் ஊர் – 14: ஊசிக்குக் கணக்கு உண்டு

தையல் மிஷினில் ஊசி உடைந்தால் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஒரு சடங்கே நடக்கும். டெய்லர் மிஷினை நிறுத்துவார். உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் பக்கத்திலிருக்கும் பீஸ்களை எல்லாம் ஒதுக்கி, ஊசி கண்டுபிடிக்கும் மிஷினில் விட்டுப் பார்ப்பார்கள். குழந்தை உடுப்பு என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். பட்டன் கழன்று குழந்தையின் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று அதை இழுத்துப் பார்க்கத் தனிக் கருவி. ஐரோப்பாவுக்குப் போகும் சிறு பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கம் கயிறே கூடாது. 3 வயது வரையிலான குழந்தைகளின் துணிக்கு ஓகோடெக்ஸ் சான்றில் தனி வகுப்பு. சப்பினாலும் சாயம் இறங்கக் கூடாது.

இத்தனையும் முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக. நல்லதுதான், குறை சொல்லவில்லை. அந்த உடுப்பைத் தைக்கிறவரின் குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது?

உள்ளூர்க்காரர் என்றால் பாட்டி இருப்பார். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கன்வாடி 2 வயதுக்கு மேல்தான் சேர்க்கும், சாயங்காலத்துக்குள் பூட்டிவிடும். ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டு, எட்டரை ஆகும். அதனால் குழந்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். இல்லையென்றால் அம்மாவோடு பட்டறைக்கே வந்து, செக்கிங் டேபிளுக்கு அடியில் பீஸ் குவியல்மேல் தூங்கும். பஞ்சுத் தூசி, ஓவர்லாக் சத்தம், கைக்கெட்டும் தூரத்தில் பிசிறு வெட்டும் டிரிம்மர்.

சட்டம் இல்லாமலில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு. 1976-ல் அது 30 ஆனது. 2017-ல் மகப்பேறு சட்டத் திருத்தம், ஆணும் பெண்ணுமாக 50 பேர் இருந்தாலே காப்பகம், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான். ஆனால், இந்த ஊரின் வேலையில் பெரும்பங்கு ஜாப் ஒர்க்காகச் சிறு யூனிட்டுகளுக்குப் போகிறதே! பதினைந்து மிஷின் போட்ட பவர்டேபிள் பட்டறையை எந்த எண்ணும் தொடாது.

பெரிய கம்பெனிகளில் அறை இருக்கிறது. சுவரில் மிக்கி மவுஸ், அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள். சில இடங்களில் பையரின் ஆடிட்டுக்கு மட்டும் திறக்கிற அறை அது. பிள்ளைகள் வருகிற காப்பகத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்: செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும்.

அப்படி ஒரு காப்பகத்தின் முக்கியமான வேலை காலை எட்டு மணிக்கு நடக்கிறது. வாங்கும்போதே ஆயா குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார். "ராத்திரி தூங்குச்சா? மருந்து எதாச்சும் குடுத்தியா கண்ணு?" இந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. காய்ச்சலோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, சிரப் கொடுத்துச் சூட்டை இறக்கிக் கூட்டி வருவது வழக்கம். பதினோரு மணிக்கு மறுபடி ஏறும். அதற்குள் ஒரே டம்ளர், ஒரே துண்டு என்று சளியும் வயிற்றுப்போக்கும் நாலு பேருக்குப் போயிருக்கும். அந்தத் தாயைத் திட்டிப் பயனில்லை. பீஸ் ரேட்டில் லீவு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பு என்று ஒரு கம்பெனி அறிவித்தால், எந்தக் கிருமிநாசினியையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது மருத்துவம். சட்டப்படி விடுப்பும் 26 வாரம், கணக்கு சரியாகவே பொருந்துகிறது. ஆனால், ஈஎஸ்ஐ பிடிக்காத காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர் மூன்றாம் மாதமே மிஷினுக்குத் திரும்புகிறார். அவருக்கு 4 முறை போய்ப் பால் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்பது சூப்பர்வைசரின் முகத்தைப் பொறுத்தது.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் தூளியில் வளர்ந்தவன்தான், அதன்மேல் பகையில்லை. ஆனால் பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடி, சேலை கழுத்தை இறுக்கி இறந்த செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் அறையில் அது வேண்டாம். கைக்குழந்தையைத் தரையில், கெட்டியான பாயில், மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். கட்டிங் வேஸ்ட் அடைத்த தலையணை இந்த ஊரில் மலிவு. ஒரு வயதுக்குள் அது தேவையே இல்லை, மூச்சு முட்டும். அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், துணிக் குடோனுக்கு மேல் அல்ல. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

சிறு யூனிட்டுகளுக்கும் வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. டெல்லியில் 1969-ல் கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு கூடாரத்தில் தொடங்கிய மொபைல் கிரச்சஸ், நிலையான இடமே இல்லாதவர்களுக்கும் காப்பகம் நடத்த முடியும் என்று காட்டிவிட்டது. வேலம்பாளையத்திலோ நல்லூரிலோ ஒரு தெருவில் இருக்கும் யூனிட்டுகள் சேர்ந்தால் ஒரு வீடும் இரண்டு ஆயாக்களும் கட்டுப்படியாகாத செலவல்ல. பீஸுக்கு இத்தனை பைசா என்று பவர்டேபிள் சங்கமும் கம்பெனி உரிமையாளர் சங்கங்களும் மேஜைக்கு இரு புறமும் உட்கார்ந்து கூலி பேசுவது இங்கே பழைய வழக்கம். அடுத்த பேச்சில் காப்பகத்துக்கும் ஒரு பைசாவைச் சேர்த்துப் பேசுங்கள்.

(தொடரும்)